அட்வான்ஸுக்கு முன்னால் வங்கி!

“வீடு பிடிச்சுப்போச்சு. அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இனிமேதான் லோனுக்குப் பார்க்கணும்.”

முதல் வீடு வாங்குகிற பல குடும்பங்களில் கேட்கிற பேச்சு இது. மூன்றுமே செய்ய வேண்டிய வேலைகள்தான். வரிசைதான் தப்பு.

அட்வான்ஸ் கைமாறிய நிமிடத்திலிருந்து கடிகாரம் விற்பவர் பக்கம் ஓட ஆரம்பித்துவிடும். மூன்று மாதத்துக்குள் மீதிப் பணத்தைக் கொடுத்துப் பத்திரம் முடிக்க வேண்டும், தவறினால் அட்வான்ஸ் திரும்பாது என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. அதற்குப் பிறகு வங்கிக்குப் போய், “உங்கள் சம்பளத்துக்கு இவ்வளவுதான் வரும்” என்றோ, “இந்தச் சொத்துக்குக் கடன் தர முடியாது” என்றோ பதில் வந்தால்? போவது பத்து வருடச் சீட்டுப் பணமாக இருக்கலாம். பி.எஃப்-பில் எடுத்ததாக இருக்கலாம். வீட்டம்மாவின் வளையலாகவும் இருக்கலாம்.

அதனால் இந்த வாரம் சொல்லப்போவது ஒரே விஷயம்தான். வீட்டுக் கடனில் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது?

1. முதலில் உங்கள் கணக்கு

வங்கி எவ்வளவு தரும் என்பது ஒரு கணக்கு. உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்பது வேறு கணக்கு. இரண்டாவதை நீங்கள்தான் போட வேண்டும்.

பொதுவாக, கைக்கு வரும் சம்பளத்தில் 40 முதல் 50 சதவிகிதம் வரை எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்துப் போகலாம் என்று வங்கிகள் பார்க்கின்றன. “எல்லாத் தவணைகளுக்கும்” என்பதைக் கவனியுங்கள். பைக் லோன், போன் இஎம்ஐ, பெர்சனல் லோன் எல்லாம் அதற்குள் அடங்கும். 8.5% வட்டியில் 20 வருடக் கடனுக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். அப்படியானால் மாதம் 4,000 ரூபாய் பைக் தவணை, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வீட்டுக் கடனில் ஏறக்குறைய 4.6 லட்சத்தைச் சாப்பிட்டுவிடும். சின்னக் கடன்களை முடித்துவிட்டு வங்கிக்குப் போவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

வரப்போகும் தவணையை ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள். இஎம்ஐ 31,000 ரூபாய் வரும், இப்போது வாடகை 12,000 என்றால், மீதி 19,000 ரூபாயை மாதம் பிறந்ததும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதத்திலும், தீபாவளி மாதத்திலும் அந்தப் பணத்தைத் தொடாமல் இருக்க முடிகிறதா? முடிந்தால் அந்தத் தவணை உங்களுக்குச் சரி. ஆறு மாதம் கழித்துக் கையில் 1.14 லட்சமும் இருக்கும். முடியவில்லை என்றால் சின்ன வீடு பாருங்கள், அல்லது இன்னும் ஒரு வருடம் சேருங்கள். இது தோல்வி இல்லை. முன்கூட்டியே தெரிந்துகொண்டது லாபம்.

2. கையில் எவ்வளவு வேண்டும்?

“80 சதவிகிதம் பேங்க் கொடுத்துடும், 20 சதவிகிதம் நம்ம கையில இருந்தா போதும்” என்று நினைத்துத்தான் பலரும் இறங்குகிறார்கள். போதாது.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90%, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கும் மேலே போனால் 75% வரை கடன் தரலாம். இது உச்சவரம்பு, கட்டாயம் அவ்வளவு தர வேண்டும் என்பதில்லை. பத்து லட்சத்துக்குள் அடங்கும் சின்ன வீடுகளைத் தவிர, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது.

45 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கடன் 36 லட்சம். உங்கள் பங்கு 9 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. அதுவே 4.05 லட்சம். வங்கிக் கட்டணம், வக்கீல் கட்டணம், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்த்தால் 14 லட்சத்தை நெருங்கும். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்குத் தீர்வைக் கணக்கு வேறு. கட்டி முடிக்காத வீடு என்றால் ஜி.எஸ்.டி-யும் உண்டு.

இந்தத் துண்டுவிழும் தொகைக்குப் பெர்சனல் லோன் எடுக்காதீர்கள். வட்டி அதிகம் என்பது ஒரு பக்கம். அந்தத் தவணை உங்கள் வீட்டுக் கடன் தகுதியையே குறைத்துவிடும். நகைக் கடனும் அப்படித்தான், உங்கள் கடன் வரலாற்றில் ஏறும்.

3. சிபில் ஸ்கோரை வங்கிக்கு முன் நீங்கள் பாருங்கள்

ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்கும். சில வங்கிகளில் வட்டியும் குறையும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். போனிலேயே எடுத்துவிடலாம்.

அறிக்கையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா? முடித்த கடன் இன்னும் முடியாததாகக் காட்டுகிறதா? நண்பருக்கோ மச்சானுக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து அங்கே நிற்கிறதா? தவறு இருந்தால் திருத்தச் சில வாரங்கள் ஆகும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சில வாரங்கள் உங்களிடம் இருக்கும். கொடுத்த பிறகு இருக்காது.

4. வீடு பார்க்கும் முன் தகுதிக் கடிதம்

சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இரண்டு வங்கிகளுக்குப் போங்கள். சொந்தத் தொழில் என்றால் மூன்று வருட வருமான வரிக் கணக்கை எடுத்துச் செல்லுங்கள். சொத்து எதுவும் முடிவாகாமலேயே, உங்கள் வருமானத்தை வைத்து இவ்வளவு தரலாம் என்று கொள்கை அளவிலான ஒப்புதல் தருவார்கள். அது பெரும்பாலும் சில மாதங்கள் செல்லும். இதற்குக் கட்டணம் கேட்டால், கடன் வாங்காவிட்டால் அது திரும்ப வருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் கடிதம் உங்களுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. “லோன் ஓகே ஆகிடுச்சு” என்று அதை வைத்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சொத்து இனிமேல்தான் தேர்வு எழுத வேண்டும்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லையென்றால், பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0 திட்டத்தில் வட்டி மானியம் கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள். 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு, 25 லட்சம் வரையிலான கடனுக்கு, அதிகபட்சம் 1.80 லட்சம் ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடனில் வரவாகும்.

5. சொத்தின் தேர்வு

வீடு பிடித்துவிட்டதா? விற்பவரிடம் பத்திர நகல்களைக் கேளுங்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ அல்லது டி.டி.சி.பி அனுமதியுடன் கூடிய வரைபடம், வீட்டு வரி ரசீது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். புதிய அடுக்குமாடி என்றால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ, எட்டு வீடுகளுக்கு மேலோ உள்ள திட்டத்துக்குப் பதிவு கட்டாயம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவிகிதத்துக்கு மேல் உங்களிடம் வாங்கவும் கூடாது.

கடன் எங்கே சிக்கும்? அப்பா இறந்த பிறகு பிள்ளைகளில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் விற்ற சொத்து. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத பத்திரம். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று மாடி எழுப்பிய கட்டடம். அனுமதி இல்லாத மனைப்பிரிவு. ஒரிஜினல் தாய்ப் பத்திரம் தொலைந்துபோனது. இதில் எதுவும் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கண்ணில் படாது. காகிதத்தில்தான் தெரியும்.

விற்பவர் மேலேயே கடன் இருந்தால் பயப்பட வேண்டாம். அவருடைய வங்கியிலிருந்து பாக்கித் தொகைக் கடிதமும், அங்கே இருக்கும் ஆவணங்களின் பட்டியலும் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் வங்கி அந்தக் கடனை நேராக அடைத்துவிட்டுப் பத்திரங்களை வாங்கிக்கொள்ளும்.

வங்கியின் வக்கீல் பார்ப்பதற்கு முன்பு, ஊரில் சொத்து வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் நீங்களே காட்டிவிடுங்கள். “பேங்க்கே பார்த்துடுமே” என்பார்கள். வங்கி பார்ப்பது அதன் பணம் திரும்ப வருமா என்று. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் பிள்ளைகள் காலம் வரை அந்த வீடு நிற்குமா என்று.

6. இப்போது அட்வான்ஸ், ஒரு வரியுடன்

வக்கீல் சரி என்ற பிறகு, சிறிய தொகையை டோக்கனாகக் கொடுத்து ஒப்பந்தம் போடலாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதில் இந்த ஒரு வரி இருக்கட்டும்:

“சொத்தின் ஆவணங்களில் உள்ள குறை காரணமாக வங்கி கடன் மறுத்தால், பெற்ற முன்பணம் முழுவதையும் விற்பவர் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.”

நேர்மையான விற்பனையாளர் இதை மறுக்கக் காரணமில்லை. குறை இருந்தால் அது அவர் சொத்தின் குறை. உங்கள் வருமானம் போதாமல் கடன் கிடைக்காவிட்டால் அந்தப் பொறுப்பை அவர் மேல் போட முடியாது. அதற்குத்தான் நான்காவது படியை முன்னாலேயே முடித்தோம். கால அவகாசத்தையும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் கேளுங்கள்.

பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 1% வரியை வாங்குபவரே பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும்.

இங்கேதான் இன்னொரு பேச்சு வரும். “பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு மட்டும் போட்டுக்கலாம், மீதியைக் கையில கொடுங்க.” கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 லட்சம் வீட்டைப் பத்திரத்தில் 32 லட்சம் என்று போட்டால், வங்கி 32 லட்சத்துக்குத்தான் கணக்கிடும். 90 சதவிகிதமே கிடைத்தாலும் 28.8 லட்சம். மீதி 16.2 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதில் 13 லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. தகராறு வந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்ததாகவே நிரூபிக்க முடியாது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 32 லட்சம் என்று வைத்தே லாப வரி போடுவார்கள். தீர்வையில் மிச்சம் பிடித்ததைவிட இழப்பு பெரிது.

7. வட்டியை மட்டும் பார்க்காதீர்கள்

2024 அக்டோபரிலிருந்து, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன் ‘முக்கிய விவரங்கள் அறிக்கை’ என்ற தாளை வங்கி உங்களுக்குத் தந்தாக வேண்டும். வட்டி, எல்லாக் கட்டணங்களும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம், மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு வங்கிகளின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டி குறைவு என்று சொன்ன வங்கி, கட்டணத்தில் அதைப் பிடித்துக்கொள்வது அங்கே தெரிந்துவிடும்.

36 லட்சத்துக்கு 8.5% வட்டியில் 20 வருடத் தவணை சுமார் 31,240 ரூபாய். முதல் மாதம் அதில் 25,500 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் குறைவது 5,740 ரூபாய்தான். 20 வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 39 லட்சம். அதையே 15 வருடமாக்கினால் தவணை 35,450. மாதம் 4,200 ரூபாய் கூடுதல், ஆனால் வட்டியில் 11 லட்சத்துக்கு மேல் மிச்சம். 30 வருடம் போட்டால் தவணை 27,680-க்கு இறங்கும். வட்டி 63 லட்சத்தைத் தாண்டும்.

2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவிகிதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது நினைவிருக்கும். அப்போது பலருக்குத் தவணை ஏறவில்லை, காலம் நீண்டது. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே வட்டி 9.5% ஆகி, தவணையை மாற்றாமல் விட்டால் 20 வருடம் 25 வருடத்தைத் தாண்டிவிடும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. வட்டி மாறும்போதெல்லாம் கேளுங்கள். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதமும் கிடையாது. போனஸ் வந்தால் தைரியமாக அசலில் கட்டலாம்.

கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டை நீட்டுவார்கள். கட்டாயம் என்ற தொனியில் சொல்வார்கள். கட்டாயம் இல்லை. ஆனால் சம்பாதிப்பவர் இல்லாமல் போனால் கடன் குடும்பத்தின் தலையில் விழும் என்பது நிஜம். பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்து அதற்கும் 20 வருடம் வட்டி கட்டுவதைவிட, கடன் தொகைக்கு ஈடான டேர்ம் பாலிசியைத் தனியாக எடுப்பதன் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. பதிவு நாளும் அதற்குப் பிறகும்

சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வங்கியின் ஆள் டி.டி-யுடன் வருவார். பத்திரம் பதிவானதும் ஒரிஜினல் வங்கிக்குப் போய்விடும். அதைக் கொடுப்பதற்கு முன் எல்லா ஆவணங்களையும் நகல் எடுத்துவிடுங்கள். எவை எவை கொடுத்தோம் என்ற பட்டியலில் வங்கியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வங்கி தன் பெயரில் உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரமும் பதிவு செய்யும். அதற்கும் தனிச் செலவு உண்டு. பிறகு பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வேலை போய்த் தவணை கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். 90 நாட்கள் நிலுவை ஆனால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். அதன் பிறகு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வீட்டைக் கையகப்படுத்தும் அதிகாரம் வங்கிக்கு இருக்கிறது. முதல் மாதமே கிளைக்குப் போய்ப் பேசினால் தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். ஆறு தவணைக்கான பணம் எப்போதும் தனியாக இருந்தால் இந்த நிலையே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசித் தவணை கட்டிய 30 நாட்களுக்குள் ஒரிஜினல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ரசீது ஆவணமும் பதிவாகி, வில்லங்கத்தில் கடன் தீர்ந்ததாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது.

“நாளைக்கே வேற பார்ட்டி வர்றாங்க”

இவ்வளவையும் படித்துவிட்டுப் போனாலும், புரோக்கர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் மனசு தடுமாறும். வரட்டும். அந்தப் பார்ட்டியும் வங்கிக்குத்தானே போக வேண்டும்? “நகல்களை இன்னைக்குக் கொடுங்க, வக்கீல் சரின்னு சொன்ன மறுநாள் அட்வான்ஸ்” என்று சொல்லுங்கள். உங்கள் கையில் வங்கியின் தகுதிக் கடிதம் இருப்பதால், வேகமாக முடிக்கக்கூடிய ஆள் நீங்கள்தான் என்பது விற்பவருக்குத் தெரியும். நகல் தரவே தயங்குகிற வீடு என்றால், அது கைநழுவிப் போனதற்காக வருத்தப்பட வேண்டாம்.